உதவி பெறுவதற்கு ஓர் உதவி

கவனம் என்பது மனவுறுதியால் வருவதென்றே பலரும் எண்ணுகின்றனர். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடையோர் சோம்பேறிகளெனத் தூற்றப்படுவது அதனாலேயே. இப்பல்கலைக்கழகத்தில் பயின்று, அக்குறைபாட்டுடன் பிரித்தானியாவில் உத்தியோகம் பார்ப்பவன் என்ற வகையில், அந்நாட்டு ஏற்பாடு ஒன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

1994இல் தொடங்கப்பெற்ற ‘அக்செஸ் ரு வேர்க்’ திட்டம் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் நடைமுறையிலுள்ளது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, நியாயமான வசதிகளைச் செய்துகொடுப்பது தொழில்தருநரின் கடமையாகும். அதற்கு அப்பாற்பட்ட செலவுகளுக்கே அரசு இத்திட்டத்தின்கீழ் நிதி வழங்குகின்றது. அது கடனன்று; திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. வேலைகளை வரிசைப்படுத்தவும் நேரத்தைக் கணிக்கவும் பழக்கும் பயிற்றுநர் ஒருவரை எனக்குப் பெற்றுத்தந்தது அந்நிதியே. என் உத்தியோகம் நிலைத்திருப்பது அவராலெனின் மிகையன்று.

எனினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. விண்ணப்பப் படிவத்தை நிரப்புதல், மாதக்கணக்கிற் காத்திருத்தல், பற்றுச்சீட்டுகளைப் பேணுதல், செலவுப் பணத்தைக் காலந்தவறாது கோருதல், அனுமதித்த காலம் முடிய மீண்டும் விண்ணப்பித்தல் ஆகிய அனைத்துக்கும் வேண்டப்படுவன ஒழுங்கும் ஞாபகமும் இடையறாக் கவனமுமே. சக்கர நாற்காலியில் வருபவரைப் படியேறி வந்து சாய்வுப் பாதைக்கு விண்ணப்பிக்குமாறு பணிப்பதை இஃது ஒக்கும்.

என் விண்ணப்பத்தை என் மனைவி பல இரவுகள் அருகிருந்து முடிப்பித்தாள். அத்தகைய துணையற்றோர் பாதியிற் கைவிட்டால், அவர்களுக்கு உதவி தேவைப்படவில்லை என்றா கொள்வது? அருகிருந்து எழுதுவிக்கும் ஒருவரை முதல் நாளிலேயே அமர்த்துவதும் அத்திட்டத்தின் செலவாகக் கொள்ளப்படல் வேண்டும்.