துப்பாக்கிக்கு ஒரு நிரந்தர முகவரி

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நான் பரம சாது. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி, கிளை வாசலில் காவலர் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் பன்னிரண்டு போர்தான். அதனோடு என் உறவு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

2018-ல் கான்பூருக்கு மாற்றல் வந்தது. நம்ம ஊரில் "சொந்த வீடா?" என்று விசாரிப்பார்களே, அதே தொனியில் அங்கே "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்பார்கள். கார் லைசென்ஸ் என்று நினைத்து "ஓ, இருக்கே" என்று நான் சொல்லி வைக்க, மறுநாளே கிளையில் எனக்குத் தனி மரியாதை :-)

அங்கேதான் இன்ஜினியர் சாஹிப் பழக்கமானார். எழுபதைத் தாண்டியவர். எழுபதுகளில் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு 1983-ல் ஊர் திரும்பியவர். பென்ஷன் கணக்கு எங்கள் கிளையில். ஒருநாள் அவருடைய வைப்புநிதிக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வாங்க மேனேஜர் சாஹிப்" என்றார். போனேன். மேஜையில் டீ, சமோசா, பக்கத்தில் பழைய போர்வை விரித்து அதன்மேல் மூன்று துப்பாக்கிகள். எண்ணெய் போடும் நாளாம்.

ஒன்று தாத்தாவுடைய பன்னிரண்டு போர். இரண்டாவது அப்பாவுடைய வெப்லி ரிவால்வர், .32. மூன்றாவது அவரே ஜெர்மனியில் வாங்கி, அந்தக் கால விதிப்படி சுங்கம் கட்டிக் கொண்டுவந்த கோர்த், .357 மேக்னம்.

எதையும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். முதலில் திறந்து காலி என்று தான் பார்ப்பார், பிறகு என்னைப் பார்க்கச் சொல்வார், அப்புறம்தான் கையில் வரும். முப்பது வாரம் போயிருப்பேன், ஒருநாள்கூட இந்த வரிசை மாறியதில்லை. கேஷ் எண்ணுகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு புரியும்.

வெப்லி இங்கிலாந்தின் பர்மிங்காம்காரன். மேலே உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினால் நடுவில் மடங்கித் திறக்கும். திறக்கும்போதே நடுவிலிருந்து ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி, ஆறு காலி உறைகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். இருட்டிலும் அவசரத்திலும் தோட்டா மாற்ற இதைவிடச் சுலபமான வழி கிடையாது என்பார். ஆனால் மடங்கும் இடம் எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான், பெரிய தோட்டாவின் அழுத்தத்துக்கு அது சரிப்படாது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை பல ஆண்டுகளாகச் செய்துவந்த .32 ரிவால்வர் இதே வெப்லியின் வாரிசு. பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' அங்கிருந்து வந்தது 2023-ல்தான்.

கோர்த் வேறு ஜாதி. வில்லி கோர்த் என்பவர் வட ஜெர்மனியில் ராட்ஸெபுர்க் என்ற சின்ன ஊரில் 1954-ல் தொடங்கிய பட்டறை. (இப்போது அந்த நிறுவனம் லோலார் என்ற ஊரில் இருக்கிறது.) வருஷத்துக்குக் கொஞ்சம்தான் செய்வார்கள், ஒவ்வொன்றையும் கையால் பொருத்துவார்கள். இதில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். அதைத் திறக்கும் நெம்பு, மற்ற ரிவால்வர்களைப்போல இடது பக்கம் இல்லாமல், ஹேமரை ஒட்டி இருக்கும். டிரிக்கருக்குள் ஒரு குட்டி உருளை. அதைக் கழற்றி வேறு அளவு உருளை போட்டால், இழுக்கும்போது விரலுக்குத் தெரியும் கனமும் நழுவும் விதமும் மாறும். நம்ம விரலுக்கு ஏற்ற மாதிரி மிருதங்கத்துக்கு சுருதி சேர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"இதுக்கு மேல ஒண்ணு இருக்கா?" என்று கேட்டேன்.

"மேல, கீழன்னு இல்ல. மனுரின் இருக்கு" என்றார்.

பிரான்ஸின் முலூஸ் நகரத்துத் தயாரிப்பு மனுரின் எம்.ஆர். 73. பெயரிலேயே வருஷம் இருக்கிறது, 1973. பிரெஞ்சு சிறப்புக் காவல் படையான ஜி.ஐ.ஜி.என்.காரர்கள் பயிற்சியில் மேக்னம் தோட்டாக்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். சாதாரண ரிவால்வர் சீக்கிரமே தேய்ந்து ஆட்டம் காணும். அந்த உழைப்பை இது தாங்கும். 1994 டிசம்பர் 26 அன்று மர்செய் பக்கத்து விமான நிலையத்தில், கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானத்துக்குள் அந்தப் படை புகுந்தபோது, முன்னால் போனவர் கையில் இருந்தது இதுதான். இன்ஜினியர் சாஹிப் தன் பழைய ஜெர்மன் கிளப்பில் ஒரு நண்பருடைய மனுரினைச் சுட்டிருக்கிறார்.

"வெப்லி அம்பாசடர் கார். எங்க நின்னாலும் ரிப்பேர் பண்ணிடலாம். மனுரின் வேலைக்காரன், எவ்வளவு அடிச்சாலும் உழைக்கும். கோர்த் கைக்கடிகாரம். சுடறதைவிட, அது வேலை செய்யற அழகைப் பாக்கறதுக்குத்தான் வாங்கறோம்." இதுதான் அவருடைய ஒப்பீட்டுச் சாரம்.

என் பி.காம். மூளைக்கு இதில் வேறொரு ஆச்சரியம். சொத்து என்றால் தேய்மானம் உண்டு என்றுதானே படித்தோம்? இங்கே தலைகீழ். எண்பதுகளின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனது. இருக்கிற பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளையே ஆட்கள் மாற்றி மாற்றி வாங்குகிறார்கள், விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கோர்த்துக்கு மெஸ்டன் ரோடு கடைக்காரர் சொன்ன தொகையில் நல்ல கார் ஒன்று வாங்கலாம். இன்னொரு வேடிக்கை: 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே பிரிட்டனில், வட அயர்லாந்து நீங்கலாக, கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதற்குத் தடை வந்தது. ஆக, பிறந்த பர்மிங்காமில் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத வெப்லிக்குக் கான்பூரில் கல்யாண மாப்பிள்ளை மவுசு.

இப்படி டீயும் சமோசாவுமாகப் போய்க்கொண்டிருந்தபோது 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்று வைத்திருப்பவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். மூன்றில் ஒன்று போக வேண்டும். எது?

எனக்குச் சந்தேகமே இல்லை. பன்னிரண்டு போர்தான் விலை குறைவு, அதைக் கொடுத்துவிடலாம் என்று பேலன்ஸ் ஷீட் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"பன்னெண்டு போர் தாத்தாவோடது. வெப்லி அப்பாவோடது. அது ரெண்டும் என்கிட்ட வந்து நிக்குது, அவ்வளவுதான். கோர்த் மட்டும்தான் நான் சம்பாதிச்சு வாங்கினது. என்னோடதைத்தானே பேட்டா நான் குடுக்க முடியும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வாடிக்கையாளரிடம் சும்மா வாங்கினால் வேலைக்கு வேட்டு, அதனால் கடைக்காரர் சொன்ன முழு விலைக்கு பி.எஃப். கடன்வரை கணக்குப் போட்டாயிற்று. லைசென்ஸுக்கான ஏ-1 படிவத்தை இறக்கி, பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் பேனா நின்றது. மன்னார்குடி வீட்டை 2014-ல் விற்றாகிவிட்டது. அதன்பிறகு எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் அண்ணன் வீட்டு விலாசத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கமணி எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்க வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு பெட்ரூம் வாடகை வீடு. பதினோரு வயசுப் பையன். எந்த அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். ஒவ்வொரு ஊரிலும் போய்ப் பதிவு பண்ண வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். கட்டிலையே கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி ஆட்டம் கண்டுவிட்ட குடும்பம் நாங்கள். படிவத்தை மடித்து வைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் மெஸ்டன் ரோடுக்கு அவரோடு நானும் போனேன். கடைக்காரரிடமும் அதே வரிசைதான். திறந்தார், காலி என்று தான் பார்த்தார், கடைக்காரரைப் பார்க்கச் சொன்னார், கொடுத்தார். ரசீதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பேசவே இல்லை.

2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை. கான்பூர் என்ன பாடுபட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இன்ஜினியர் சாஹிப் நாலே நாளில் போய்விட்டார். ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு நானும் இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருந்தேன், கிடைக்கவில்லை.

மே மாதம் அவர் மனைவி கூப்பிட்டார். "அந்த ரெண்டையும் பாத்தா பயமா இருக்கு பையா, வந்து ஏதாவது பண்ணுங்க." பையன் கனடாவில். போனில், "அங்கிள், என்ன செய்யணுமோ செஞ்சிடுங்க, எனக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றான். எழுபது வயதைத் தாண்டினாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதியில் இடம் உண்டு. அதற்கு வாங்கிக்கொள்ள வாரிசு வேண்டுமே. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தைத் தாமதிக்காமல் ஒப்படைப்பது சட்டம். அம்மாவோடு காவல் நிலையம் போய் இரண்டையும் ஒப்படைத்தோம். அவர் கொடுக்கவே முடியாது என்று சொன்ன இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரசீது.

கோர்த்தை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அதைக் கையில் வாங்கிய ஞாபகம் மட்டும் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது.

ராட்ஸெபுர்க்கில் வாங்கியபோது கொடுத்த பழைய விளம்பரப் புத்தகத்தை அம்மா எனக்குக் கொடுத்தார். முழுக்க ஜெர்மன், விலைகள் மார்க்கில். அவர் பென்சிலில் கோடு போட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. இப்போது நாங்கள் போபாலில். அடுத்த மாற்றலுக்கும் அது எங்களோடுதான் வரும். அதற்கு லைசென்ஸ் வேண்டாம், நிரந்தர முகவரியும் வேண்டாம்.

டிஸ்கி: பையன் சமீபத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா, நீ இதை வாங்கியிருந்தா சூப்பரா இருந்திருக்கும்ல?" என்றான். தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தினத்தாளை விரித்துக்கொண்டேன்.