சித்தப்பாவும் நானும் ஜெர்மனியும்



எங்க சித்தப்பா இங்கிலாந்து கால்பந்து அணியின் தீவிர ரசிகர். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் 4–1 என்று தோற்ற பேச்சை எடுத்தாலே, "லாம்பார்டு அடிச்சது கோல்டா! ரெஃப்ரி குடுக்கல, அதான் தோத்தோம்" என்று இன்றும் சண்டைக்கு வருவார். கோல்தான், நானும் வீடியோவில் பார்த்தேன். ஆனால் தோல்வி அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது என்பது என் கட்சி.

2000 யூரோவில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே அவுட். இங்கிலாந்திடமும் 1–0 தோல்வி. அடுத்த வருஷம் சொந்த மண்ணில், மியூனிக்கில், அதே இங்கிலாந்திடம் 5–1. எப்பேர்ப்பட்ட அவமானம்! கோச்சை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. பெரிய கிளப்புகள் எல்லாம் சிறுவர் பயிற்சி மையம் நடத்தியே ஆகணும் என்று விதி போட்டார்கள். சின்ன ஊர்ப் பையன்களையும் தேடிப் பிடித்துப் பழக்கினார்கள்.

2009-இல் சுவீடனின் மால்மோ நகரில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய இறுதிப்போட்டி. ஜெர்மனி 4, இங்கிலாந்து 0. அதில் ஆடிய நோயர், போவாடெங், கெதிரா, ஓசில் நாலு பேரும்தான் அடுத்த வருஷம் சித்தப்பாவை அழ வைத்த ஆட்டத்திலும் இறங்கினார்கள். 2014-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் மால்மோ பையன்கள் ஆறு பேர்!

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "2017-ல நம்ம கொல்கத்தாவுல எங்க 17 வயசுப் பசங்க கப் அடிச்சத மறந்துட்டியா?" என்றார். மறக்க முடியுமா? ஸ்பெயினிடம் 0–2 என்று பின்தங்கி, 5–2 என்று ஜெயித்த ஆட்டம். அதில் 2 கோல் போட்ட ஃபோடன் அடுத்த யூரோ அணிக்கே வந்துவிட்டான். அந்த யூரோவில், 2021-இல், வெம்பிளியில் ஜெர்மனிக்கு 2–0 அடி.

"அப்போ லாம்பார்டு கோல விட்டுடலாமா சித்தப்பா?" என்றேன்.

"அது வேற!" என்றார்.