வெயிலுக்குப் பழகும் ஈஸ்ட்

அக்னி நட்சத்திரம். திருச்சி மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, வீட்டில் இட்லி மாவு பொழுது விடியுமுன்பே பொங்கி வழிகிறது. சூடு கூடினால் புளிப்பும் கூடும் என்று தோன்றும். ஈஸ்ட்டுக்கு அது ஓரளவுக்குத்தான். 30 டிகிரியில் செழிப்பாக வளரும். 40-ஐ நெருங்கினால் திணறும். செந்தண்ணீர்புரத்தில் உள்ளது போன்ற எரிசாராய ஆலைகளில், மொலாசஸைப் புளிக்க வைக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும். தொட்டியைக் குளிரவைக்கத் தண்ணீரும் மின்சாரமும் செலவாகும்.

*

சூடு தாங்கும் ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டியது குளிர் தேசம். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் காஸ்பெட்டா, ஜென்ஸ் நீல்சன் குழு, 2014. ஏறக்குறைய 40 டிகிரியில் ஈஸ்ட்டை வளர்ப்பது, வளர்ந்ததில் ஒரு துளியைப் புது ஊடகத்தில் விடுவது, மறுபடியும் அதே. தாக்குப்பிடித்தவற்றின் மரபணுக்களைப் படித்தார்கள். ஸ்டெரால் தயாரிக்கும் ஒரு ஜீன் பழுதாகியிருந்தது. செல் சவ்வில் எர்கோஸ்டெரால் இருந்த இடத்தில் ஃபெகோஸ்டெரால். பழுதே பலமாகிவிட்டது! மேசை முன் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர் எவரும் ஒரு ஜீனைக் கெடுத்துப் பார்க்கலாம் என்று தொடங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே ஈஸ்ட் 30 டிகிரியில் பழைய வேகத்தில் வளரவில்லை. திருச்சிக்கு அது பெரிய நஷ்டமில்லை.

*

இப்படிக் குடுவை மாற்றுவதற்கு ஒரு கணக்கு. தினமும் நூற்றில் ஒரு பங்கை மட்டும் புதுக் குடுவைக்கு மாற்றினால், மறுநாளைக்குள் அது மீண்டும் நூறு மடங்காகப் பெருக ஆறரைத் தலைமுறைக்குச் சற்று அதிகம் ஆகும். நூறு நாளில் 660 தலைமுறை. மனிதருக்குத் தலைமுறை 25 ஆண்டு என்றால் 16,500 ஆண்டு.

*

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. குடுவையில் ஜெயிப்பது வேகமாகப் பெருகும் செல். நமக்கு வேண்டிய ரசாயனத்தைத் தயாரிக்கும் செல்லுக்கு அந்த வேலை கூடுதல் சுமை, அது போட்டியில் பின்தங்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கேட்டி காவ் குழுவினர் (2014) கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. கரோட்டினாய்டு தயாரிக்க ஜீன் செருகிய ஈஸ்ட்டை ஹைட்ரஜன் பெராக்சைடால் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். கரோட்டினாய்டு அந்தத் தாக்குதலிலிருந்து செல்லைக் காக்கும். நிறைய தயாரித்தவை பிழைத்தன. உலர்ந்த செல் ஒரு கிராமுக்கு 6 மில்லிகிராமாக இருந்தது 18 வரை போயிற்று. ஈஸ்ட்டின் உயிரையும் நம் லாபத்தையும் ஒரே முடிச்சில் போட்டதுதான் சூட்சுமம்.

*

திருச்சிக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு: இப்படியொரு சோதனையை நீங்களும் செய்யலாம். ஆட்டோகிளேவ், ஷேக்கர் இன்குபேட்டர், ஆழ்குளிர் பெட்டி இருந்தால் போதும். காந்தி மார்க்கெட்டில் கனிந்து கறுத்த வாழைப்பழத்திலிருந்தே ஈஸ்ட் பிரிக்கலாம். புனே தேசிய ரசாயன ஆய்வகத்தின் சேகரிப்பிலிருந்தும் வாங்கலாம். கோடை விடுமுறையில் குடுவை மாற்ற ஆள் வேண்டும், அதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். முதல் நாள் மாதிரியைக் கிளிசராலில் உறையவைக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் ஈஸ்ட் மாறியதா என்று ஒப்பிட வழியில்லை.