மணலிக்காரன் கையில் ஏழு தோட்டா!

மணலி என்று சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு முகம் மலரும். "ஆஹா, தேனிலவுக்குப் போற ஊராச்சே! பனி எப்படி சார்?" என்பார்கள். அது மணாலி, ஐயா! இமயமலைப் பக்கம். இது மணலி. மாதவரத்துக்குக் கிழக்கே, திருவொற்றியூருக்கு மேற்கே. இங்கே பனி கிடையாது. காலையில் வெள்ளையாக ஏதாவது மிதந்து வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்தக் கம்பெனிப்பா?" என்று விசாரிப்போம்.

சென்னைக்காரர்கள் வேறு ரகம். அவர்களுக்கு மணலி என்றால் வட சென்னை. வட சென்னை என்றால் சினிமா. சினிமா என்றால் லுங்கியும் கத்தியும். இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஒருவன், "சார், நான் கைத்துப்பாக்கி வாங்கியிருக்கேன். லைசென்ஸோட!" என்றால் எப்படி இருக்கும்? கேட்டவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்துதான் பதில் சொன்னார்கள்.

எனக்கு எதற்குத் துப்பாக்கி? சித்தப்பாவுக்கு மணலியில் டிரெய்லர், டேங்கர் லாரித் தொழில். கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஒரு காலத்தில் டிரைவர் பேட்டா, டீசல், கிளீனர் சம்பளம் எல்லாமே ரொக்கம்தான். வாரக் கடைசியில் பாங்க்கிலிருந்து ஒரு ரெக்ஸின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரில் வருவேன். இரண்டு முறை யாரோ பின்தொடர்ந்தார்கள். "லைசென்ஸுக்கு எழுதிப் போடுடா" என்றார் சித்தப்பா. போட்டேன்.

மனு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்றிதழ், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் (2016-ல் வந்த ஆயுத விதிகள் இதைக் கேட்கின்றன) என்று இரண்டரை வருஷம் ஓடியது. ஒருவழியாக லைசென்ஸ் கைக்கு வந்தபோது, எங்கள் டிரைவர்கள் அத்தனை பேரும் ஜிபேக்கு மாறியிருந்தார்கள்! பை காலி. பின்தொடர்கிறவனும் போய்விட்டான். துப்பாக்கி மட்டும் வந்து சேர்ந்தது.

புல்லட் விலையில் பிஸ்டல்

நம் நாட்டில் ராணுவமும் போலீஸும் வைத்திருக்கிற 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. தடை செய்யப்பட்ட ரகம். நமக்கு அனுமதித்தது .32. அதாவது 7.65 மில்லிமீட்டர் தோட்டா. வெளிநாட்டுச் சரக்கென்றால் பல லட்சம் கேட்பார்கள். நான் வாங்கியது உள்நாட்டுத் தயாரிப்பு, இருப்பதிலேயே விலை குறைந்த ரகம் (பெயர் வேண்டாமே!). ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு ஆகிற காசு.

புல்லட் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்து ஊரான திருவொற்றியூரில் 1955-ல் வந்த என்ஃபீல்டு கம்பெனியின் விளம்பர வாசகமே 'துப்பாக்கி போலச் செய்தது' என்பதுதான். சின்னத்தில் பீரங்கி வேறு. இங்கிலாந்தில் சைக்கிள் கம்பெனியாக இருந்த காலத்தில் என்ஃபீல்டு ஊர் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த பெருமையில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆக, வட சென்னைக்காரன் துப்பாக்கியைத் தொடாவிட்டாலும் எழுபது வருஷமாக அதன் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறான்!

பிஸ்டலுக்கு வருவோம். கறுப்பு இரும்பு. உள்ளங்கையில் வைத்தால் அரிசிக் கடை எடைக்கல் மாதிரி கனம். கைப்பிடிக்குள் செருகும் மேகஸினில் ஏழு தோட்டா. 'செமி ஆட்டோமேடிக்' என்றால் சினிமாவில் வருகிற மாதிரி தடதடவென்று பொழியாது. ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரே ஒரு குண்டு. வெடித்த வேகத்தில் மேல்பாகம் பின்னால் போய், காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, திரும்பி வரும்போது அடுத்ததை உள்ளே தள்ளிக்கொள்ளும். அடுத்த குண்டுக்கு மறுபடி விரலை விட்டு, மறுபடி இழுக்க வேண்டும்.

இந்த .32 தோட்டாவை உருவாக்கியவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். பெல்ஜியக் கம்பெனி ஒன்று அவருடைய பிஸ்டல்களைச் செய்து உலகமெங்கும் விற்றது. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த மாதிரி ஒரு பெல்ஜிய பிரௌனிங்கால்தான். வாஞ்சிக்குப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் சுடப் பயிற்சி கொடுத்ததாகச் சொல்வார்கள். உயிரைத் துச்சமாக நினைத்துக் கிளம்பியவருக்கே முதலில் பயிற்சி வேண்டியிருந்தது. பேட்டா கணக்கு எழுதுகிறவனுக்கு வேண்டாமா?

சித்தப்பாவுக்கு இந்த நியாயமெல்லாம் பிடிபடவில்லை. "ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி வெச்சா டெஸ்ட் பண்ண மாதிரியும் ஆச்சு, சாமிக்கு மரியாதையும் ஆச்சு" என்றார். 2019-ல் திருத்திய சட்டப்படி கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விளக்கினேன். 'ஙே' என்று விழித்தார். "அப்ப எங்கதான்டா சுடறது?"

மலையடிவாரத்தில் ஒரு காலை

அதற்குத்தான் ரேஞ்ச் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நண்பரின் மாருதியில் கிளம்பினோம். பூட்டிய பெட்டிக்குள் பிஸ்டல், தனியே தோட்டா, சட்டைப் பையில் லைசென்ஸ். பின்னால் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாயில் தீ எரிந்துகொண்டிருந்தது. 1969-லிருந்து அங்கே ஆலை ஓடுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தத் தீயைப் பார்த்துத்தான் சோறு சாப்பிட்டு வளர்ந்தார்கள். உரத் தொழிற்சாலை ஜங்ஷனில் கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நின்றன. அதைத் தாண்டவே அரை மணி. பிறகு மாதவரம், புழல், மதுரவாயல் பைபாஸ், பெருங்களத்தூர்... அப்புறம் ஒரு சின்ன மலை, அதன் அடிவாரத்தில் மண்மேடு, தகரக் கொட்டகை. அதுதான் ரேஞ்ச்.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற சுபேதார். வேலூர்ப் பக்கம். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "எந்த ஊரு தம்பி?" என்றார். "மணலி." வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அங்க இதெல்லாம் சகஜம்தானே?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சுபேதார் சிரிக்கவில்லை. நாலு விரலை நீட்டினார்.

"ஒண்ணு, எல்லாத் துப்பாக்கியும் லோட் ஆனதுதான். காலின்னு உன் கண்ணாலயே பார்த்தாலும் லோட் ஆனதுதான். ரெண்டு, சுடக் கூடாத எதையும் பார்த்துக் குழாயைத் திருப்பாதே. மூணு, குறி பார்க்கிற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே. நாலு, குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோ."

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்க மரைன் படைக்காரர் வகுத்து, உலகமெங்கும் சொல்லித்தருகிற நாலு விதிகள் இவை. எனக்கு என்னவோ இவற்றை ஏற்கெனவே எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். மூடி போடாமல் நின்றால் காது நிரந்தரமாகக் கெடலாம். பத்து மீட்டரில் காகிதக் குறி. "லோட்!" என்றார். ஏழு தோட்டாவை மேகஸினில் அழுத்துவதற்குள் கட்டைவிரல் சிவந்துவிட்டது. ஸ்பிரிங் அவ்வளவு புதுசு.

முதல் குண்டு! மலைப்பாறையில் மோதி எதிரொலி வந்த பிறகுதான் சுட்டது நான் என்று புரிந்தது. பயந்த அளவுக்கு உதை இல்லை. கனமான இரும்பு, சின்னத் தோட்டா. யாரோ மணிக்கட்டைப் பிடித்துச் சட்டென்று உலுக்கிய மாதிரி, அவ்வளவுதான். விசைதான் முரடு. துருப்பிடித்த கேட் தாழ்ப்பாளை ஒற்றை விரலால் இழுக்கிற மாதிரி! குறிமுள் எள்ளுப் போல. கைப்பிடி பள்ளிக்கூடப் பையன் கைக்கு அளவெடுத்தது. என் சுண்டு விரலுக்கு இடமே இல்லை.

நாலாவது குண்டில் சத்தம் வந்தது. காலித் தோட்டா வெளியே வரவில்லை. பாதி வழியில் புகைக்கூண்டு மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. குழாயைக் குறி பக்கமே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். சுபேதார் வந்து தட்டிவிட்டார். "புது ஸ்பிரிங். நூறு, நூத்தம்பது ரவுண்டு போனா பழகும். மலிவு மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு சொல்லுவாங்கல்ல?" மொத்தம் முப்பத்தைந்து குண்டில் மூன்று முறை இப்படி ஆயிற்று.

இன்னொன்று: காலித் தோட்டா கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். பக்கத்துத் தடுப்பில் நின்றவரின் காலருக்குள் ஒன்று போய் விழுந்தது. மனுஷர் ஆட்டம் போடவில்லை. துப்பாக்கியைக் குறி பக்கமே வைத்து, மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அப்புறம்தான் குதித்தார்! அன்று நான் பார்த்த மிகச் சிறந்த துப்பாக்கி வித்தை அதுதான்.

என் முதல் ஏழும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, இடது பக்கம். "பிஸ்டல் கோணலா ஐயா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல், மேகஸினை வாங்கித் திரும்பி நின்று நிரப்பிக் கொடுத்தார். சுட்டேன். டுமீல். சுட்டேன். டுமீல். மூன்றாவது... 'டிக்'! சத்தமே இல்லை, ஆனால் என் கை மட்டும் கீழே ஒரு குலுங்கு குலுங்கியது. நடுவில் ஒரு போலித் தோட்டா போட்டிருக்கிறார், மனுஷர்! "பாத்தியா? வெடி வரப்போகுதுன்னு உன் கை முன்கூட்டியே பயப்படுது. துப்பாக்கி நேராத்தான் இருக்கு தம்பி."

கடைசி ஏழு, இருபத்தைந்து மீட்டரில். பத்து மதிப்பெண் வட்டம் ஐந்து சென்டிமீட்டர்தான். அதை நான் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் நாலு குண்டு கறுப்புக்குள் இருந்தது. மலிவுப் பிஸ்டல், மூன்று அடைப்பு, முரட்டு விசை எல்லாம் சேர்த்து என் தீர்ப்பு: கொடுத்த காசுக்குப் பழுதில்லை. பதக்கத்துக்கு ஆகாது, பாடத்துக்கு ஆகும்.

எங்கோ கேட்ட பாடம்

திரும்பி வரும்போது புழல் தாண்டியதும் அந்த நாலு விதியை எங்கே கேட்டேன் என்று புரிந்துவிட்டது. எங்கள் டேங்கர் டிரைவர்களிடம்!

மணலியில் ஆலைக்குள் போகிற லாரிக்குச் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு மாட்ட வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் கேட்டிலேயே ஒப்படைக்க வேண்டும். சரக்கு இறக்குமுன் எர்த் ஒயர். பெர்மிட் கையெழுத்தாகாமல் வெல்டிங் பொறி பறக்கக் கூடாது. காலி டேங்கரையும் காலி என்று நம்பக் கூடாது. உள்ளே ஆவி இருக்கும். எட்டாவது வகுப்போடு நின்ற எங்கள் டிரைவர் தினமும் பின்பற்றுவது இதுதான்: 'எல்லாத் துப்பாக்கியும் லோட் ஆனதுதான்.' அந்த வரிசையில் நின்று சிரித்தவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் சார், எங்கள் ஊரில் ஆபத்து சகஜம்தான். ஆபத்தைக் கையாளத் தெரிந்தவர்களும் சகஜம்.

அந்த ஆபத்துகளில் பிஸ்டலால் சுடக்கூடியது ஒன்றுமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏழு தோட்டாவையும் எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவது?

வீட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது. "எங்க வெக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. எங்கள் வீடு இரண்டு அறை. ஒரு பீரோ. அதன் சாவி இருக்கிற இடம் எனக்கு மறந்தாலும் ஆறு வயசு மகனுக்குத் தெரியும். கூப்பரின் விதிகளை அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "அஞ்சாவது விதி ஒண்ணு விட்டுட்டாரு. வீட்டுல குழந்தை இருந்தா, எல்லாப் பூட்டும் திறந்ததுதான்."

மறுப்பேச்சு எழவில்லை.

இப்போது என் பிஸ்டல், லைசென்ஸ் பெற்ற ஒரு ஆயுத வியாபாரியின் பாதுகாப்பில் ரசீதோடு தூங்குகிறது. முடிகிற மாதங்களில் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போய் முப்பது ரவுண்டு சுட்டு, துடைத்து, எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கை முன்கூட்டிப் பயப்படுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. சித்தப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "லட்ச ரூபாயைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல சேத்துட்டியேடா!" என்கிறார்.

என்ன செய்ய? சில பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்தால்தான் வீட்டுக்கு நல்லது!