உள்பக்கம்

என் ஆபிஸ் நண்பர் வார இறுதிகளில் 1915இல் வாழ்கிறார். காக்கி உடுப்பு, காலில் சுற்றும் பட்டி, ஆணி அடித்த பூட்ஸ் என்று முதல் உலகப்போர் பிரிட்டிஷ் சிப்பாயாக மைதானங்களில் போய் நிற்பார். ரீஎனாக்டர். சாக்ஸ் மட்டும் சரியில்லை என்று ரொம்ப நாளாக வருத்தம். கடைச் சாக்ஸில் நைலான் இருக்கிறது, நைலான் கண்டுபிடித்ததே 1935இல்தானே! நான் கம்பளி பின்னுவேன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

பூட்ஸுக்குள் போகிற சாக்ஸை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "என் கால் பார்க்கும்" என்றார்.

சாம்பல் நிற நூலில் கணுக்காலும் குதிகாலும் சுலபமாக இறங்கிவிட்டன. விரல் முனைதான் விஷயம். மேல்பாதி ஒரு ஊசியில், கீழ்பாதி ஒரு ஊசியில் நிற்கும். சும்மா சேர்த்துத் தைத்தால் மேடு விழும். நாள்கணக்கில் ஈர பூட்ஸோடு சேற்றில் நிற்பவனுக்கு அந்த மேடு விரலைப் புண்ணாக்கும். ஏற்கெனவே ட்ரெஞ்ச் ஃபுட் வந்து கால் மரத்து அழுகிய காலம் அது. அதனால் மழுங்கிய ஊசியில் நூல் கோத்து, எதிரெதிர் கண்ணிகளுக்குள் நுழைத்து நுழைத்து, நடுவில் இன்னொரு வரிசை பின்னியது மாதிரியே மூட வேண்டும். தடமே இருக்காது.

இதற்குப் பெயர் கிச்சனர் தையல். 1914இல் பிரிட்டனின் போர் அமைச்சரான அதே கிச்சனர். சிப்பாய்களின் விரல் நோகாமலிருக்க அவரே இதைச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை. அதே மனிதர் தளபதியாக இருந்த தென்னாப்பிரிக்கப் போரில் பண்ணைகளைக் கொளுத்தி, குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். 1902க்குள் அங்கே செத்த போயர் பெண்களும் குழந்தைகளும் மட்டும் 26,000 பேருக்கு மேல். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள், அங்கேயும் ஆயிரக்கணக்கில் சாவு.

இதைப் படித்த ராத்திரி ஊசியைக் கீழே வைத்தேன். இரண்டு வாரம் விரல் முனை திறந்தே கிடந்தது.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். பனியனை உள்பக்கம் திருப்பி, தையல் மேல் கட்டைவிரலை ஓட்டி, பிசிறு வெட்டி, அடுத்ததை எடுப்பாள். வீடியோ காலில் சாக்ஸைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அந்தாளு பேர விட்டா அந்தத் தையலுக்கு வேற பேரே இல்லியா?"

இருந்தது. கிராஃப்டிங் என்றும் சொல்வார்கள். சொன்னேன்.

"அப்ப அதச் சொல்லிக்கிட்டு மூடு. கால் என்ன பண்ணுச்சு?"

எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. ஆனாலும் அன்றைக்கே மூடினேன்.

நண்பர் சாக்ஸை வாங்கியதும் முதல் வேலையாக உள்பக்கம் திருப்பினார். கட்டைவிரலை முனையில் ஓட்டிப் பார்த்தார். அப்படியே அம்மா! எனக்குச் சிரிப்பு வந்தது. கிச்சனரைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்லவில்லை.

இன்னொரு ஜோடி கேட்டிருக்கிறார். குழிக்குள் ஈரச் சாக்ஸை மாற்ற ஒன்று வேண்டுமாம், நியாயம்தான். நூல் வாங்கி வைத்திருக்கிறேன். ஊசியில் இன்னும் ஏற்றவில்லை.