இழை விளக்கின் அடிமுகம்

ஒளியிழை விளக்கைக் காண்போரின் கண் மேலே விரிந்து நிற்கும் நுனிகளின் புள்ளிச் சுடர்களையே நாடுகிறது. ஆனால் அவ்விளக்கை வீட்டில் தம் கையாலேயே செய்யப் புகுபவரின் சிரத்தை முழுவதும், பீடத்துக்குள் மறைந்து ஒருவர் பார்வையிலும் படாது கிடக்கும் அடிமுகத்தின்மீதே செல்ல வேண்டும் என்பது இவ்வேலையில் நெடுநாள் பழகிய என் உறுதியான அபிப்பிராயம்.

வளைந்து வீழும் நீர்த்தாரையைத் தொடர்ந்து ஒளியும் வளைவதை 1841-இல் ஜெனீவாவில் டானியல் கொல்லடோனும், 1854-இல் லண்டனில் ஜான் டிண்டலும் செய்து காட்டினார்கள். பின்னும் நூறாண்டு சென்று, பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸும் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே ஓர் உருவத்தையே அனுப்பினார்கள். நம் விளக்குக்குரிய அக்ரிலிக் இழையிலும் நிகழ்வது அதே முழு அகப் பிரதிபலிப்புத்தான். உள்ளிருக்கும் அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, மேலே போர்த்திய மெல்லிய தோலின் எண் அதனினும் குறைவு, ஆகவே சாய்வாகச் சுவரில் மோதும் கதிர் வெளியேற வழியின்றி மீண்டும் மீண்டும் உள்ளேயே திரும்பி நுனியை அடைகிறது. ஒரு மீட்டர் நீளப் பிரயாணத்தில் நூற்றில் நாலைந்து பங்குக்குமேல் குறைவதில்லை. ஒளி பெரிதும் வீணாவது அது நுழையும் வாசலாகிய அடிமுகத்திலேதான்.

அந்த வாசலைச் செம்மை செய்வதுதான் தொழிலின் சாரம். முக்கால் மில்லிமீட்டர் இழைகளை ஒருசேர அடுக்கி, பித்தளை வளையத்தினுள் இனி ஒன்றும் நுழையாது என்னும் அளவுக்குச் செறித்தாலும், உருண்ட இழைகளுக்கிடையே நூற்றில் ஒன்பது பங்கேனும் வெற்றிடம் எஞ்சும். அதை எபாக்ஸிப் பசையால் நிரப்ப வேண்டும். சூப்பர் குளூ அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக் கூடியதாதலால் அதைத் தொடலாகாது. பசை இறுகியபின், நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கூரிய பிளேடால் வெட்ட வேண்டும். கட்டிங் பிளேயர் இழையை நசுக்கி வெளுக்கச் செய்துவிடும்.

இனி வருவது பொறுமையின் வேலை. சமமான கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, நீர் தெளித்து, 400-ஆம் எண்ணில் தொடங்கி 800, 1200, 2000 என்று படிப்படியாகத் தேய்க்கும்போது, ஒவ்வொரு படியின் முடிவிலும் முகத்தை நன்றாகக் கழுவ வேண்டும். முரட்டுத் தாளின் ஒரே துகள் மெல்லிய தாளுக்கு வந்து சேர்ந்தால் போதும், அதுவரை பட்ட பிரயாசை வியர்த்தமாகிவிடும். முடிந்ததா என்று அறிய, மறுநுனிகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடிமுகத்தை நோக்குக: தேர்ந்த இழை தெளிந்த ஒளிப்பொட்டாகத் தெரியும், கீறல்பட்டது மங்கித் தெரியும். இந்தச் சோதனைக்கு நிகராக வேறொன்றும் எனக்குத் தெரியாது.

விளக்குக்கு ஒரு வாட் அல்லது மூன்று வாட் எல்.இ.டி. போதும். அதன் கதிர்கள் இழையின் அச்சிலிருந்து ஏறக்குறைய 30 பாகைக்குள் வந்தால்தான் உள்ளே நிலைக்குமாகையால் சிறு லென்ஸ் ஒன்று வேண்டும். நூறு பாகை வெப்பத்தை அடையுமுன்பே அக்ரிலிக் தளரத் தொடங்குமாகையால் அலுமினியத் தகடும் சிறிது இடைவெளியும் அவசியம். நிறம் மாற்றும் சுழல்தட்டைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு மஞ்சள் கலந்த ஒரே வெண்மைதான் நிறைவாயிருக்கிறது.

மேல்நுனிகளை நீளத்தில் ஏற்றத்தாழ்வாகக் கத்தரித்தால் போதும், மெருகு வேண்டாம். அடியில் ஒளியைச் சிதறடித்து நஷ்டம் விளைவித்த அதே சொரசொரப்பு, இங்கே அதைப் பல திசைக்கும் பகிர்ந்தளித்து, அறையின் எந்த மூலையில் இருப்பவருக்கும் சுடர் தெரியும்படி செய்கிறது.