அவனியாபுரம் டு குற்றாலம்... வழி: தூளி!

அவனியாபுரத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு ஸார். தெற்கே எந்த ஊருக்குக் கிளம்பினாலும் மதுரை டவுனுக்குள் தலையைக் காட்ட வேண்டியதில்லை. ஏர்போர்ட் ரோட்டில் இறங்கி, ரிங் ரோட்டைப் பிடித்து, கப்பலூரில் போய் ஏறினால் அடுத்தது திருமங்கலம். அவ்வளவுதான்!

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பொங்கலன்று திருப்பரங்குன்றம் ரோட்டில் வாடிவாசல் வைத்துவிடுவார்கள். பாலமேடும் அலங்காநல்லூரும் அதற்கடுத்த நாட்களில்தான். போணி எங்கள் ஊரில்! அன்றைக்கு ரோடு முழுக்கக் காளைகளுக்குச் சொந்தம்.

மற்ற 364 நாளும் ரோடு நம்முடையதுதான்... வீட்டில் இரண்டரை வயசில் ஒன்றும் எட்டு மாசத்தில் ஒன்றும் இல்லாதவரைக்கும்.

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று ஆபீஸில் யாரோ கொளுத்திப் போட, அது வீடு வரைக்கும் பற்றிக்கொண்டது. அவனியாபுரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ரோடு நூல் பிடித்த மாதிரி போகும். கூகுள் மேப் மூன்றரை மணி நேரம் என்றது. கூகுளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாவம்!

விடிகாலை நாலரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். குழந்தைகள் தூங்கிக்கொண்டே பாதி தூரம் கடந்துவிடும் என்பது என் மனைவியின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால், மூட்டை கட்டும் சத்தத்தில் நாலு மணிக்கே இரண்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, 'யாரைத் தூங்க வைக்கப் போறீங்க?' என்கிற மாதிரி பார்த்தன. இட்லிப் பானையைத் தவிர வீட்டிலிருந்த அத்தனையும் டிக்கிக்குள் போனது. நாலு டயருக்கும் அம்மா நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி நசநசவென்று அதை நசுக்கிக்கொண்டு நகர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். தலைக்கு மேலே ஒரு பிளேன் போனது. "ஏப்பேன்!" என்று பெரியவன் கையைக் காட்டினான். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு குற்றாலத்துக்கு ரோட்டில் போகிற குடும்பத்தை அவன் அன்றைக்கே எடை போட்டிருக்க வேண்டும்.

வண்டி ரிங் ரோட்டைத் தொடுவதற்குள் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது.

"இதென்னடா, பச்சப்புள்ளயப் பார்சல் கணக்கா கட்டி வச்சிருக்க? அவுத்து எங்கிட்டக் குடு. என் மடியவிடவா இது பத்திரம்?"

அம்மா 'பார்சல்' என்றது குழந்தைகளுக்கான கார் சீட்டை. பின் சீட்டில் இரண்டு சீட்டுகள். சின்னவளுடையது பின்பக்கம் பார்த்தது. பெரியவனுடையது முன்பக்கம் பார்த்தது. நடுவில் நெருக்கிக்கொண்டு அம்மா. இந்த சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்திருக்கலாம் என்பது அம்மாவின் நிரந்தரக் குறை. நம் ஊரில் இன்றைக்கும் பத்துக் காரை எட்டிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் அம்மா முன் சீட்டில், குழந்தை அம்மா மடியில். பாசம் ஸார், யார் குறை சொல்ல முடியும்?

பாசத்துக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் குழந்தை அதே வேகத்தில் முன்னால் பாயும். அது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுகிற வேகம். எட்டு கிலோ குழந்தை அந்த நொடியில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். நூறு கிலோவை இரண்டு கையால் இழுத்துப் பிடிக்க அலங்காநல்லூர் மாடுபிடி வீரரால்கூட முடியாது. முன் சீட்டென்றால் இன்னும் மோசம். நம்மைக் காப்பாற்ற வெடித்து வருகிற ஏர்பேக், மடியிலிருக்கும் குழந்தையைத்தான் முதலில் அறையும். அதனால்தான் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை சீட்டோ போடாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. பைக்கில் போகிற தம்பிகளே, சிரிக்க வேண்டாம்! ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் அதற்கு ஹெல்மெட், உங்களோடு சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம்... மூன்றும் கட்டாயம். 2022-ல் விதி போட்டு, 2023-லிருந்து அமலில் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் குட்டியை உட்கார வைத்து வில்லாபுரம் பக்கம் பறக்கிறவர்கள் கவனிக்க!

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "ஒங்களயெல்லாம் மடியில வச்சுத்தான்டா வளத்தேன். என்ன கொறஞ்சு போயிட்ட?" என்றாள். கேஸ் க்ளோஸ்!

கப்பலூர் டோல்கேட், திருமங்கலம் எல்லாம் தாண்டி டி.கல்லுப்பட்டியை நெருங்கும்போது, ஓர் ஆட்டுக்கூட்டத்தின் தலைவர் எங்களைக் கேட்காமல் ரோட்டைக் கடக்க முடிவு செய்தார். பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி நின்றது. ஆடும் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. ஆனால், அம்மாவின் மடியிலிருந்த வென்னீர் ஃபிளாஸ்க் பறந்துபோய் டேஷ்போர்டில் மோதி, என் காலடியில் உருண்டு கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த ஃபிளாஸ்க்! சின்னவள் சீட்டில் அசையாமல் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ஃபிளாஸ்க்கைத் துடைத்தாள். அப்புறம் சின்னவளின் வார்ப்பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

(டி.கல்லுப்பட்டி என்றதும் ஒரு விஷயம். காந்தியப் பொருளாதார மேதை ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் இது. 1960-ல் மறைந்தார். அவரிருந்த காந்தி நிகேதன் ஆசிரமம் ரோட்டோரம்தான். குழந்தைகளை வைத்துக்கொண்டு போகிறவன் கிட்டத்தட்ட மாட்டு வண்டி வேகத்தில்தான் போகிறான் என்பதால், அவர் எங்களைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.)

அம்மா ஜெயித்த இடமும் உண்டு. கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னால் சின்னவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். பால் வேண்டாம், கிலுகிலுப்பை வேண்டாம், அப்பாவின் பாட்டு வேண்டவே வேண்டாம். மொபைலில் கார்ட்டூன் காட்டினோம். அந்த மொபைலைத்தான் கடித்தாள். "வண்டிய ஓரங்கட்டுடா" என்றாள் அம்மா. ஒரு புளியமரத்தடி. பழைய நூல் சேலை ஒன்று பையிலிருந்து வெளியே வந்தது. தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்துப் பார்த்து, சேலையைப் போட்டு, முடிச்சை இரண்டு தடவை தன் எடையைக் கொடுத்துச் சோதித்து, ரெண்டே நிமிஷத்தில் தூளி ரெடி! நாலு ஆட்டு ஆட்டியதும் ராகம் மாறியது. ஆறாவது ஆட்டில் தூக்கம்.

குழந்தை டாக்டர்களும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். கார் சீட் பாதுகாப்புக்குத்தான், படுக்கைக்கு இல்லை. கைக்குழந்தையை ஒரேயடியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் மடக்கி உட்கார வைக்கக் கூடாது. இறக்கி, காலை நீட்ட விட வேண்டும். ஓடும்போது சீட், நிற்கும்போது தூளி என்று அந்தப் புளியமரத்தடியில் அம்மாவும் நானும் எழுத்தில் வராத உடன்படிக்கை ஒன்று போட்டுக்கொண்டோம். ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். பெரியவன் எறும்பு பார்த்தான். என் மனைவி, நம்புங்கள் ஸார், எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஆற அமர, சூடாக ஒரு டம்ளர் காபி குடித்தாள். எனக்கு அந்தப் பயணத்தில் பிடித்த இடம் அந்தப் பேர் தெரியாத புளியமரம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. பெரியவன் அண்ணாந்து பார்த்து, "பெரிய்ய வீடு" என்றான். பால்கோவா வாங்கினோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா, வெறும் பாலும் சர்க்கரையும்தான். அம்மா சுண்டுவிரலில் துளி எடுத்து சின்னவள் வாய்க்குக் கொண்டுபோக, "அத்தே, ஒரு வயசு வரைக்கும் சர்க்கரை வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க!" என்றாள் என் மனைவி. "சும்மா மோந்து பாக்கக் குடுத்தேம்மா" என்று விரல் அப்படியே அம்மாவின் வாய்க்குத் திரும்பியது.

ராஜபாளையம் தாண்டியதும் பெரியவன் முகம் வெளுத்தது. கார் குமட்டல் இரண்டு வயசுக்குள் அநேகமாக வராது. அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். பன்னிரண்டு வரைக்கும் பாடு. ஜன்னலைத் திறந்துவிட்டு, தூரத்தில் தெரிகிற மலையைப் பார்க்கச் சொன்னால் கொஞ்சம் கேட்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த ரோடு முழுக்கக் கூடவே வருவது பெரிய உபகாரம். மேலும், அடுத்து வருகிற புளியங்குடி எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். பத்து ரூபாய்க்கு வாங்கி மோந்து பார்க்கக் கொடுத்தோம். டயருக்கு வைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது.

குற்றாலம் போய்ச் சேரும்போது பகல் ஒன்றரை. மெயின் அருவியில் கூட்டம் எண்ணெய் வழிய நின்றது. குழந்தைகளை அங்கே கொண்டுபோகவில்லை. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகி வந்த வெள்ளத்தில், குளிக்க வந்த 17 வயசுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். கீழே வெயில் அடிக்கும்போதே மலைக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். கீழே நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் கலங்கலாகி, சத்தம் மாறினால் துண்டைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட வேண்டும். போலீஸ்காரர் விசில் ஊதி வெளியேற்றினால் அவரோடு வாக்குவாதம் செய்கிற அப்பாக்களைப் பார்த்தேன். தோளில் குழந்தையோடு!

நாங்கள் போனது புலியருவி. சின்ன அருவி, சாதுவான அருவி. பெரியவன் அரை மணி நேரம் கத்திக் கும்மாளமிட்டான். சின்னவளுக்கு அருவி இல்லை. அம்மா உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துவந்து காலில் தடவினாள். காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள். அவள் குற்றாலம் பார்த்தது அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ரெண்டே நிமிஷம்தான், தூங்குதே' என்று குழந்தையைக் காரில் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி வரைக்கும் சூடு ஏறும். கார் இல்லாதவர்கள் ஏங்கவும் வேண்டாம். 2022-லிருந்து நம் அரசு பஸ்களில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறைகள் 2015-லேயே வந்துவிட்டன. சாவி யாரிடம் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது இரண்டு குழந்தைகளும் திருமங்கலத்தில் தூங்கிப்போயின. ராத்திரி பத்து மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை மெதுவாக நிறுத்தினேன். இஞ்சின் சத்தம் அடங்கியதுமே சின்னவள் 'ங்ங்' என்று முனகினாள். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். தூக்கம் திரும்பியது. நிறுத்தினேன். 'ங்ங்.'

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கியரைப் போட்டேன். ஏர்போர்ட் ரோட்டில் வண்டி மறுபடி இறங்கியது.

பின் சீட்டில் அம்மா கண்ணைத் திறந்து, "வீடு வந்துருச்சாடா?" என்றாள்.

"வந்துச்சும்மா. போயிருச்சு. நீ தூங்கு!"